கேட்காமல் வைத்த முழங்கால்

பிப்ரவரி 9

தம்பிக்கு,

'அன்புள்ள' என்று போடவில்லை. மறந்து விட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

போன் செய்தால் அக்கா ஏன் எடுப்பதில்லை என்று என் மகளிடம் கேட்டாயாம். போனில் நீ பேச ஆரம்பித்தால் கம்பெனிக் கூட்டத்தில் பேசுகிற மாதிரி மூச்சு விடாமல் பேசுவாய். நான் சொல்ல வந்தது என் வாயிலேயே நின்றுவிடும். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால் இனிமேல் கடிதம்தான்.

இடது முழங்காலையும் மாற்ற ஆபரேஷன் தேவை என்றவுடன் நீ மகளிடம் சொல்லியிருக்கிறாய்: "அதே டாக்டர், அதே மாடல். நான் ஏற்பாடு பண்ணிடறேன், அம்மா கிட்ட நீ ஒண்ணும் பேச வேண்டாம்." அவள் வந்து சொன்னபோது தையல் மெஷினை நிறுத்திவிட்டேன். வலது கால் விஷயத்தை நீயாக வந்து சொல்வாய் என்று போன வருஷத்திலிருந்து காத்திருந்தேன். இனிக் காத்திருப்பதில் அர்த்தம் இல்லை. நானே சொல்கிறேன்.

அன்றைக்கு நான் தூங்கவில்லை.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். தூங்குவதற்கும் ஏதோ கொடுத்தார்கள். அது எனக்குப் போதவில்லை. என் நெஞ்சுக்கு மேலே ஒரு பச்சைத் துணியைத் தடுப்பாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அதன் விளிம்பை எவரோ கோணலாக மடித்துத் தைத்திருந்தார். திரைச்சீலை தைத்தே பிழைத்தவள் நான், அதைப் பார்த்து எரிச்சல்பட்டுக்கொண்டு படுத்திருந்தேன். துணிக்கு அந்தப் பக்கம் சுத்தியல் சத்தமும் ரம்பச் சத்தமும். என் கால்தான் என்று தெரிந்தும் பயமில்லை. செயற்கை முழங்கால் விற்கிற உன் கம்பெனியின் பெட்டிகளோடு நீ உள்ளே நிற்கிறாய் என்ற தைரியம்.

அப்போது உன் பெரிய டாக்டர் கேட்டார்: "என்னப்பா, பின்பக்கத் தசைநாரை வெச்சுக்கலாமா, எடுத்துடலாமா?"

நீ சொன்னாய்: "எடுத்துடலாம் சார். அக்கா கிட்ட நான் சொல்லிக்கறேன்."

ஆபரேஷனுக்கு முன்னால் உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? கிடைத்ததையெல்லாம் படித்து, புரியாததை உன்னிடமே கேட்டு, கடைசியில் சொன்னேன்: என்னோடு பிறந்த தசைநார் இருக்கட்டும், அதை வைத்துக்கொண்டு பொருத்துகிற மாடல் போதும், வெட்டி எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் முளையை நடுவில் நட்டுவைக்கிற மாடல் வேண்டாம். நீயும் தலையாட்டினாய். மறுநாள் வார்டுக்கு ஆப்பிளோடு வந்து என்ன சொன்னாய்? "எல்லாம் நீ கேட்டபடியேதான் அக்கா."

அந்த ஆப்பிளைப் பக்கத்துப் படுக்கைக்காரிக்குக் கொடுத்துவிட்டேன்.

இடது கால் விஷயத்தில் நீ தலையிடக் கூடாது. இதைச் சொல்லத்தான் எழுதினேன்.

அக்கா

*

பிப்ரவரி 21

அக்காவுக்கு,

உன் கடிதத்தை என் மனைவிக்குக்கூடக் காட்டவில்லை. வண்டியில் உட்கார்ந்து படித்தேன்.

நீ கேட்டது உண்மை. நான் அப்படித்தான் சொன்னேன். ஆனால் துணிக்கு அந்தப் பக்கம் நீ பார்க்காத ஒன்றை நான் பார்த்தேன். உன் கால் வெளிப்பக்கமாக வில் மாதிரி வளைந்து எத்தனை காலம் ஆகியிருந்தது! உள்ளே அந்தத் தசைநார் பழைய நாடா மாதிரி நைந்து கிடந்தது. அதை வைத்துக்கொண்டு பொருத்தியிருந்தால் கொஞ்ச நாளில் அறுந்திருக்கும், முழங்கால் ஆட்டம் கண்டிருக்கும், மறுபடி திறந்திருக்க வேண்டும். நைந்த நாடாவை நம்பி நீ யார் வீட்டிலாவது திரை தொங்கவிடுவாயா?

முளை வைத்த மாடல் மட்டமானதில்லை. தொடை எலும்புக்குப் போடுகிற உலோகத் தொப்பியின் பின்னால் ஒரு குறுக்குத் தண்டு இருக்கும். காலை மடக்கும்போது அது பிளாஸ்டிக் முளையில் போய் முட்டி நிற்கும். தசைநார் செய்த வேலையை முளை செய்யும். அவ்வளவுதான். உலகத்தில் பாதிப் பேர் இதில், பாதிப் பேர் அதில் நடக்கிறார்கள். எனக்கு வேலையே இந்தப் பெட்டிகளை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய், டாக்டர் கேட்கிற அளவை எடுத்துக் கொடுப்பதுதான். எது எதைவிட மேல் என்று எங்கள் கம்பெனிப் புத்தகம் வருஷத்துக்கு ஒரு மாதிரி எழுதும். ஒரு வருஷம் கீழ் எலும்பின் மேல் சுழலும் தட்டுதான் உயர்ந்தது, மறுவருஷம் அசையாத தட்டு. உண்மை என்னவென்றால், மாடலைவிடப் போடுகிற கைதான் முக்கியம். அதனால்தான் உன்னை அந்த டாக்டரிடம் கொண்டுபோனேன்.

உன்னிடம் மாற்றிச் சொன்னது தப்புத்தான். வலியோடு படுத்திருப்பவளிடம் வாதம் வேண்டாம் என்று நினைத்தேன். பிறகு நீ நன்றாக நடந்தாய், எதற்குக் கிளற வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

இடது காலையும் அவரிடமே செய்துகொள். இரண்டு காலிலும் இரண்டு மாதிரி வைத்துக்கொள்ளாதே. வீம்புக்கு அறுத்துக்கொள்ள இது துணியில்லை.

தம்பி

*

மார்ச் 3

தம்பிக்கு,

நாடா உதாரணம் நன்றாக இருக்கிறது. என் தொழிலை எனக்கே சொல்கிறாய்.

நைந்த நாடாவில் நான் திரை தொங்கவிட மாட்டேன். ஆனால் திரைக்குச் சொந்தக்காரரைக் கேட்டுவிட்டுத்தான் பிரிப்பேன். "அம்மா, உங்க நாடா போயிடுச்சு, புதுசு வெச்சுடட்டுமா?" என்று கேட்க எனக்கு ஒரு வாய் பேச்சுப் போதும். உங்களுக்கும் அதே போதும். நான் எங்கேயோ போயிருக்கவில்லை. துணிக்கு இந்தப் பக்கம் காதும் வாயுமாகப் படுத்திருந்தேன். தலைமாட்டில் மயக்க டாக்டர் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கேட்கச் சொல்லியிருக்கலாம். கால் என்னுடையது, கேள்வி உன்னிடம். இது எந்த ஊர் நியாயம்?

எல்லா மாடலும் ஒன்றுதான் என்றால் நீ ஏன் இத்தனை வருஷம் பெட்டி பெட்டியாகத் தூக்கிக்கொண்டு அலைகிறாய்?

வலது காலைப் பற்றிச் சொல்கிறேன், கேட்டுக்கொள். மெஷின் பெடலை மிதிக்கும்போது உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் வருகிறது. வலியில்லை, சத்தம்தான். உன் குறுக்குத் தண்டு உன் முளையில் முட்டுகிற சத்தம் என்று படித்துத் தெரிந்துகொண்டேன். பெரிய துணியை வெட்டத் தரையில் மண்டியிட வேண்டும், அது முடியவில்லை. மேஜை போட்டுக்கொண்டேன், மேஜையில் என் கை நேராக ஓடவில்லை. படிக்கட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பயிற்சி கொடுக்க வந்த பெண் சொல்லிக்கொடுத்தாள்: "ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது வலிக்கிற கால் முதல்ல. மறந்துடாதீங்க பாட்டி." நான் அவளுக்குப் பாட்டியாம். எனக்கு மேலே வீடு, கீழே கடை. நாள் முழுக்க ஏறி இறங்குகிறேன், ஒவ்வொரு படியிலும் உன்னை நினைத்துக்கொள்கிறேன். அன்பால் என்று நினைக்காதே.

வேறு ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டேன். சின்னப் பெண், உன் மகள் வயதுதான் இருக்கும். நான் எழுதிக்கொண்டுபோன கேள்விகளையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். இடது காலில் தசைநார் இன்னும் இருக்கிறதாம், வைத்துக்கொண்டு செய்யலாமாம். "ஆனா ரெண்டு காலும் வேற வேற மாதிரி இருக்கும், பரவாயில்லையாம்மா?" என்றாள். "அதுக்காகத்தான் உன்கிட்ட வந்தேன்" என்றேன்.

ஆபரேஷன் அன்று நீ வரக் கூடாது. வாசலுக்கும் கூடாது.

அக்கா

*

மார்ச் 10

அக்கா,

சரி, நான் வரவில்லை.

கேட்காமல் செய்தேன், கேட்காமல் செய்தேன் என்கிறாய். நீ எனக்கு எதைக் கேட்டுச் செய்தாய்? அம்மா போன பிறகு நீதான் வளர்த்தாய், ஒத்துக்கொள்கிறேன். அதை மறந்தால் நான் மனுஷனே இல்லை. ஆனால் நான் எந்தச் சட்டை போட வேண்டும், எந்தப் பாடம் படிக்க வேண்டும், எந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டும், எல்லாம் நீதான். இந்தக் கம்பெனி வேலைக்கு விண்ணப்பம் எழுதியதும் நீதான். என் கையெழுத்தையும் நீயே போட்டாய். எனக்குக் கட்டட வரைபடம் போடுகிற வேலைக்குப் போக ஆசை இருந்தது என்று உனக்குத் தெரியும். "அதெல்லாம் சோறு போடாது" என்றாய். நேர்காணலுக்கு என்னோடு வந்து, அவர்கள் என்னைக் கேட்ட கேள்விக்குக்கூட நீ பதில் சொன்னாய். அவர்கள் சிரித்தார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளாத மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

வேறொருவருக்காகப் பதில் சொல்வது எப்படி என்று நான் எங்கே கற்றுக்கொண்டேன் என்று நினைக்கிறாய்?

தம்பி

*

ஜூன் 2

கம்பெனிக்காரருக்கு,

இடது கால் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாகிவிட்டது. தெரிவிக்க வேண்டியது மரியாதை என்று மகள் சொன்னாள், அதனால் தெரிவிக்கிறேன்.

அந்தப் பெண் டாக்டர் ஆபரேஷன் நடுவில் தடுப்புத் துணிக்கு மேலே தலையை எட்டிப்பார்த்து, "அம்மா, தசைநார் நல்லா இருக்கு, வெச்சுக்கறேன். சரியா?" என்று கேட்டாள். "வை" என்றேன். இவ்வளவுதான் விஷயம். இந்த ஒரு வார்த்தைக்கு உன் பெரிய டாக்டருக்கும் உனக்கும் வாய் வரவில்லை.

கால் பிறவிக் கால் மாதிரி இருக்கிறது. சத்தமே இல்லை.

நேர்காணலில் நான் பதில் சொல்லாவிட்டால் உனக்கு அந்த வேலை கிடைத்திருக்காது. நீ வாயைத் திறக்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அக்கா

*

அக்டோபர் 14

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தால் விசாரிக்கிறேன்.

வேலையிலிருந்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள். கடைசி நாளில் தியேட்டர்ப் பெண்கள் ஒரு கேக் வெட்டினார்கள். பெரிய டாக்டர் முதுகில் தட்டி, "நீ இல்லாம எனக்கு எந்த அளவும் கைக்கு வராதுப்பா" என்றார். மறுநாளே புதுப் பையன் ஒருவன் நின்றிருப்பான், அவனுக்கும் அதையே சொல்லியிருப்பார்.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். எனக்கும் முழங்கால் போய்விட்டது. இரண்டில் வலது. நின்று நின்றே போனது, அந்தப் பெட்டிகளின் கனமும் சேர்ந்துகொண்டது. படம் எடுத்துப் பார்த்தேன். உள்ளே இருந்த மெத்தை முழுக்கத் தேய்ந்து எலும்பும் எலும்பும் உரசுகிறது. இந்தப் படத்தை வேறொருவருடையதாகப் பார்த்திருந்தால், "எப்ப வெச்சுக்கலாம் சார்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டிருப்பேன். என்னுடையதைப் பார்த்ததும் வியர்த்துவிட்டது. ரம்பச் சத்தம் என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும் அக்கா. எல்லாம் தெரிந்தவனுக்குத்தான் அதிகப் பயம்.

பெரிய டாக்டர், "உனக்கு எது வேணும்னு நீயே சொல்லு, உனக்குத் தெரியாததா?" என்கிறார். எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் இரண்டு மாடலையும் கையில் வைத்திருந்தேன், எதையும் காலில் வைத்திருந்ததில்லை. எல்லாம் ஒன்றுதான் என்று எல்லாரிடமும் சொன்னவன், இப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டால் நம்பமாட்டேன் என்கிறேன்.

ஒரு காலில் இது, மறு காலில் அது என்று வைத்திருக்கிற ஒரே ஆள் எனக்குத் தெரிந்து நீதான். சண்டையை ஒரு ஓரமாக வைத்துவிட்டுச் சொல். எது நல்லது?

தம்பி

*

அக்டோபர் 20

தம்பிக்கு,

இடது.

அக்கா

*

நவம்பர் 5

அக்காவுக்கு,

உன் ஒற்றை வார்த்தையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். தசைநாரை வைத்துக்கொள்ளும் மாடலே எனக்கும் போதும் என்று சொல்ல. வரிசையில் உட்கார்ந்திருந்தபோது என்னவோ மனசு ஒப்பவில்லை. இவ்வளவு பெரிய சண்டை போட்டவள் ஒரு வார்த்தையில் முடிக்கிறாளே என்று தோன்றியது. நீ ஜெயித்தால் ஒரு பக்கத்துக்குக் குறையாமல் எழுதுவாய் என்று எனக்குத் தெரியும்.

டாக்டரைப் பார்க்காமல் எழுந்து பஸ் ஏறி உன் தெருவுக்கு வந்தேன். படியேறவில்லை, பயப்படாதே. எதிரில் பூட்டுக் கடைக்குப் பக்கத்தில் நின்றேன். கடைக்காரர், "யார் வேணும்?" என்றார். "ஒருத்தர் இறங்கி வரணும், அவ்வளவுதான்" என்றேன். என்னைத் திருடன் என்று நினைத்திருப்பார்.

நீ வந்தாய். தோளில் நீலத் துணிச் சுருள். அளவு நாடா கழுத்தில். கைப்பிடியைப் பிடித்தபடி இறங்கினாய். முதல் படியில் இடது காலை வைத்தாய். அடுத்த படியிலும் இடது. அதற்கடுத்ததிலும். வலது கால் மேல்படியில் உன் முழுக் கனத்தையும் தாங்கி நின்றது, இடது கால் தயங்கித் தயங்கித் தரையைத் தேடியது. பாதி வழியில் நின்று இடது முழங்காலைக் கையால் அழுத்திக்கொண்டாய். மறுபடி இறங்கினாய்.

இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். நீயே எனக்கு எழுதியது.

ஜெயித்துவிட்டேன் என்று சொல்ல எழுதவில்லை. நின்ற இடத்தில் எனக்கு அழுகைதான் வந்தது. ஆபரேஷனுக்கு ஏற்கனவே நாள் குறித்தாகிவிட்டது. ஏன் அக்கா பொய் சொன்னாய்? கால் எனக்கு. தப்பான மாடலைக்கூட நான் சகித்துக்கொள்வேன். வீம்புக்கு என் காலைக் கேட்கிறாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

தம்பி

*

நவம்பர் 12

தம்பிக்கு,

வேவு பார்க்க வந்தவன் பூட்டுக் கடையில் ஒரு பூட்டாவது வாங்கியிருக்கலாம். அவர் வந்து என்னிடம் கேட்கிறார், "உங்களைத் தேடி ஒருத்தர் நின்னாரே, கண்ணெல்லாம் கலங்கியிருந்ததே, யார்?" என்று. கடன்காரன் என்று சொல்லிவிட்டேன்.

நீ பார்த்தது சரி. இடது கால்தான் வலிக்கிறது. அந்தப் பெண் டாக்டர் மேல் குற்றமில்லை. படம் எடுத்துப் பார்த்தாள், எல்லாம் வைத்த இடத்தில்தான் இருக்கிறதாம். "சில பேருக்கு இப்படித்தாம்மா, காரணம் சொல்லத் தெரியலை" என்றாள். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன முதல் டாக்டர் அவள்தான். தசைநார் கொஞ்சம் இறுக்கமாக இருக்கலாம் என்கிறாள். நான்தான் 'வை' என்றேன்.

வலது கால் நன்றாக இருக்கிறது. இதை எழுத எனக்கு எத்தனை நாள் ஆகியிருக்கிறது பார். 'டக்' சத்தம் இன்னும் வருகிறது. துணிச் சுருளைத் தூக்கினாலும், பெடலை மிதித்தாலும் தாங்குகிறது. நீ சொன்னபடி உன் டாக்டரின் கைதான் நல்ல கையோ, முளைதான் நல்ல முளையோ, எனக்குத் தெரியாது. இரண்டு மாடல், இரண்டு டாக்டர், இரண்டு கால். எதை எதோடு ஒப்பிடுவது? இத்தனை படித்தும் எனக்கு இது தோன்றவில்லை. எனக்கு ஒரு கால் தோற்க வேண்டியிருந்தது, நீ போட்ட கால் தோற்க வேண்டியிருந்தது. அது தோற்க மாட்டேன் என்கிறது.

நான் பொய் சொன்னது உன் காலைக் கேட்டு அல்ல. அந்த 'இடது' என்ற வார்த்தையை எழுதும்போது உன் கால் எனக்கு ஞாபகமே இல்லை. அது அதைவிடக் கேவலம் என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள்.

ஆனால் இதையும் கேட்டுக்கொள். நல்ல கால் கிடைத்துவிட்டது, அதனால் நீ செய்தது சரியாகிவிட்டது என்று நினைக்காதே. வலது காலில் நடக்கும்போது வேறொருவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது. வசதிதான். என்னுடையது இல்லை. இடது வலிக்கிறது. வலிக்கும்போது யாரையும் திட்ட வேண்டியதில்லை, நானே கேட்டு வாங்கியது. மறுபடி அந்த மேஜையில் படுக்கச் சொன்னாலும் இடது காலுக்கு 'வை' என்றுதான் சொல்வேன். வலது காலுக்கு நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தால், 'எடு' என்று நானே சொல்லியிருப்பேனோ என்னவோ. அதைத் தெரிந்துகொள்ள முடியாமல் செய்துவிட்டாய். அதை நான் மன்னிக்கவில்லை.

உன் கையெழுத்தைப் போட்டதை நீயும் மன்னிக்க வேண்டாம். கணக்குத் தீர்க்க எனக்கு ஆசையில்லை.

உனக்கு எது நல்லது என்று கேட்டாய். எனக்குத் தெரியாது. டாக்டரிடம் சொல்லிவை: தூக்க மருந்தைக் குறைத்துக்கொடுக்க வேண்டும், திறந்து பார்த்துவிட்டுத் தடுப்புத் துணிக்கு மேலே எட்டிப்பார்த்து உன்னிடமே கேட்க வேண்டும். உன் இடத்தில் நிற்கிற புதுப் பையன் வாயைத் திறக்கக் கூடாது. பயமாக இருந்தால் துணியின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிரு. கோணலாகத்தான் தைத்திருப்பார்கள்.

நான் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன். கோபத்தால் இல்லை. வந்தால் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன். நடுவில் ஒரு நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு வந்து, "அவரோட அக்கா நீங்கதானே, டாக்டர் கேட்கிறார், வெச்சுக்கலாமா எடுத்துடலாமா?" என்பாள். அவள் கேட்டு முடிப்பதற்குள் நான் பதில் சொல்லிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

இதற்குப் பதில் எழுதாதே. கால் ஆறட்டும். ஆறிய பிறகு இங்கே வா. பூட்டுக் கடை வரைக்கும் இல்லை, மேலே. கைப்பிடி வலது பக்கம் இருக்கிறது. நான் மேல்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன், கை கொடுக்க மாட்டேன். திரும்பி இறங்கும்போது எந்தக் காலை முதலில் வைக்கிறாய் என்று நானே பார்த்துக்கொள்கிறேன். உன் வாயால் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம்.

அக்கா